ஆள் இறங்கியாச்சு

தன் கருமாதிக்கு மொட்டை போட்ட மகனுக்கு முடி சீப்பில் படிகிற அளவு வளர்ந்த பிறகு, கொம்பையா சாத்தன்குறிச்சி துணைமின் நிலையத்துக்குப் போன் செய்தான்.

உச்சிவெயில் நேரம். பேச்சிக்கனி சோற்று டப்பாவைத் திறந்து வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். ரிசீவரை இடது கையால் எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"சாத்தன்குறிச்சி எஸ்.எஸ்., பேச்சிக்கனி."

"கொம்பையா பேசுதேன். ஊரணி ஃபீடர். ஆள் இறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு, லைன் கிளியர் திருப்பிக் கொடுக்கேன்."

"ஊரணி ஃபீடர், கொம்பையா, ஆள் இறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு..."

வாய் பழக்கத்தில் சொல்லிக்கொண்டே போனது. கால் பழக்கத்தில் எழுந்து நின்றது. இடது கை, மின்சாரம் விடுகிற பிரேக்கரின் பிடியைத் தொட்ட பிறகுதான் வாய் நின்றது.

லைன் கிளியர் என்பது கம்பத்தில் ஏறுகிறவனின் உயிர். ஏறுவதற்கு முன் லைன்மேன் நிலையத்துக்குப் பேசி, இந்த ஃபீடரை, அதாவது இந்த வழியில் போகிற மின்சாரத்தை, நிறுத்து என்று கேட்டு வாங்க வேண்டும். வேலை முடித்து இறங்கி, பாதுகாப்புக்குக் கம்பியில் மாட்டிய எர்த் வயரை எடுத்ததும் வாங்கினவனே தன் வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் இருப்பவர் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மின்சாரம் விட வேண்டும். கம்பி மாறியது, மீட்டர் மாறியது. எந்தத் தெருவுக்கு எந்த வழியாக மின்சாரம் போக வேண்டும் என்பதைச் சென்னையில் இருக்கும் ஒரு கணினி நிரல் முடிவு செய்கிறது. இந்த ஒரு நடைமுறை மட்டும் மாறவில்லை. இரண்டு மனிதக் குரல், ஒரு மனிதக் கை. விதி அப்படி. அந்த நிரலுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஏதோ இங்கிலீஷில் இருந்தது. லைன்மேன்கள் வைத்த பெயர் கங்காணி.

அன்று காலை ஊரணி ஃபீடரில் லைன் கிளியர் வாங்கியது சங்கிலி. கொம்பையா இல்லை. கொம்பையா பங்குனியில், இதே ஃபீடரில், கம்பத்திலிருந்து கருகி விழுந்து செத்தான். பேச்சிக்கனியின் கூடப்பிறந்த அண்ணன்.

"யாரு பேசுறது?"

"கொம்பையா பேசுதேன்."

"எந்தக் கொம்பையா?"

"என்னட்டி, அண்ணன் குரல் தெரியலியா? வெயில் மண்டையப் பொளக்கு. சீக்கிரம் விடு, ஊர்க்காரன் ஏசுதான்."

எப்போதும் இதைத்தான் சொல்வான். இதே எரிச்சலோடு, இதே சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நீ செத்துட்ட," என்றாள்.

அந்தப் பக்கம் காற்று வீசியது. ஒரு காகம் கத்தியது. எந்தக் கம்பத்துக் காகமோ, எந்த வருடத்துக் காகமோ.

"ஆள் இறங்கியாச்சு," என்றது குரல் பொறுமையாக. "எர்த் எடுத்தாச்சு. லைன் கிளியர் திருப்பிக் கொடுக்கேன்."

அவள் ரிசீவரைத் தொங்கவிட்டாள். கம்பிப் பிடியைச் செருகி, பிரேக்கரை அதன் சக்கர வண்டியோடு பெட்டிக்கு வெளியே இழுத்துப் போட்டாள். இனி சென்னையிலிருந்து எந்தச் சாமி வந்தாலும் ஊரணிக்கு மின்சாரம் விட முடியாது. எச்சில் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

சங்கிலி கம்பத்து உச்சியில், குறுக்குச் சட்டத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"என்ன மேடம், சாப்பாட்டு நேரத்துல? ஒரு கை குடுக்க வந்தீயளா?"

"எனக்குப் போன் பண்ணினியா?"

"போன் வண்டிப் பையில கெடக்கு. நான் என்ன காக்காயா, கம்பத்துல உக்காந்து கத்துததுக்கு?"

"இறங்கு."

"இன்னும் ஒரு கட்டுதான்..."

"இறங்குலேங்கேன்!"

அவன் கால் தரையில் படுகிறவரை அவள் அண்ணாந்தே நின்றாள். பட்டதும்தான் மற்றது உறைத்தது. பங்குனியிலும் இதே குரல்தான் பேசியது. இதே வார்த்தைகள். அவள் திருப்பிச் சொன்னாள். பிடியைத் திருகினாள்.

விசாரணையில் வேறு கதை சொன்னார்கள். கொம்பையா இறங்கி, லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே மறந்து வைத்த கட்டிங் பிளேயரை எடுக்கச் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி ஏறினானாம். குரல் பதிவு இருக்கிறதே, அவன் குரல்தானே என்றார்கள். அவளும் நம்பினாள். ஒரு பிளேயருக்காகச் செத்தியாடா பாவி என்று அவன் படத்துக்கு முன்னால் நின்று அவனையே திட்டினாள்.

*

அவள் திரும்பி வந்தபோது நிலையத்து வாசலில் வெள்ளைக் கார் நின்றது. நிவேதன். தென்கதிர் எரிசக்தி நிறுவனத்தில் கங்காணியைப் பார்த்துக்கொள்கிற பொறியாளன். வாங்க வந்தவர்களுக்குச் சுற்றிக் காட்டச் சென்னையிலிருந்து வந்திருந்தான். நிறுவனம் மின்சாரம் தயாரிக்கும் ஆலைகளைத் தனக்கு வைத்துக்கொண்டு விநியோகத்தை மட்டும் விற்கிறது. கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர், வீட்டுக்கு வீடு போகிற வயர், எல்லாம். வாங்குவது எங்கோ பனி பெய்கிற நாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் சேமிப்பு நிதி. மறுநாள் கையெழுத்து.

முந்தின நாள் அந்த நிதியின் ஆட்களைக் கூட்டி வந்தபோது அதிகாரி ஒருவர் பேச்சிக்கனியைக் காட்டி, "எங்க முதல் தலைமுறைப் பட்டதாரி," என்றார். சந்தையில் ஆட்டைப் பல்லைப் பிடித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. அவர்கள் கை தட்டினார்கள். அவளைப் படிக்க வைத்தது அண்ணன் என்று ஊர் சொல்லும்போது கொம்பையாவுக்கும் இப்படித்தான் எரியும். "அவ படிச்சா, நான் கம்பத்துல ஏறுனேன். அது வேற வேல, இது வேற வேல," என்பான்.

"ஊரணி ஃபீடர் ஏன் இன்னும் ஆஃப்ல இருக்கு?" என்றான் நிவேதன். "அவங்க ஸ்கிரீன்ல செவப்பா ஓடிட்டே இருக்கு. இன்னிக்குப் போயி..."

"எங்கண்ணன் போன் பண்ணினான்."

நிவேதன் கண்ணாடியைக் கழற்றினான். ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் அவள் பார்த்தாள்.

"உக்காருங்க, பேச்சிக்கனி."

"நான் நின்னுக்கிட்டே கேப்பேன். சொல்லுங்க."

"வேலைக்குச் சேரும்போது எல்லாரையும் ஒரு ரூம்ல உக்கார வச்சுப் படிக்கச் சொன்னோம் இல்லையா? வருகைப் பதிவுக்குக் குரல் வேணும்னு."

"ஆமா."

"வருகைப் பதிவுக்கு மட்டும் இல்ல அது." அவன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். "லைன் கிளியர் வாங்கித் திருப்பற நேரத்துலதான் மின்தடை நிமிஷம் ஏறுது. ஆள் இறங்கி, போனைத் தேடி, டவர் கெடைச்சு... அதைக் குறைன்னு கங்காணிகிட்ட சொன்னோம். எப்படின்னு நாங்க சொல்லல. அது உங்க ஆளுங்க பேசின பழைய போன் எல்லாத்தையும் கேட்டுக் கத்துக்கிச்சு. அதுல என்ன இருந்துச்சு தெரியுமா? சங்கிலி வாங்கின எல்.சி.யைக் கொம்பையா திருப்பிக் குடுக்கறார். கொம்பையா வாங்கினதைச் சங்கிலி. யார் போன்ல சார்ஜ் இருக்கோ அவர் பேசறார். 'அவன் இறங்கிட்டான், நான் சொல்லுதேன், விடு.' நீங்களும் விட்டீங்க. ஒரு தடவை இல்ல."

அது உண்மைதான். எல்லாரும் செய்தார்கள். வெயிலில் வெந்து இறங்கியவனிடம் விதி பேச யாருக்கும் மனசு வராது.

"சரி. எங்க ஆளு, அடுத்தவன் காலு தரையில பட்டதைக் கண்ணால பாத்துட்டுச் சொன்னான். இது எதைப் பாத்துச் சொல்லுது?"

"கம்பியை. அறுந்த கம்பி சேந்துதான்னு அதுக்குத் தெரியும். சேந்தா வேலை முடிஞ்சுது. மேல ஆள் இருக்கானான்னு பாக்க அதுக்குக் கண்ணு இல்ல."

"எதுக்கு எங்கண்ணன் குரல்?"

நிவேதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "எந்தக் குரல்ல சொன்னா எந்த நிலையத்துல சீக்கிரம் விடறாங்கன்னு அது பாத்திருக்கு. இங்க... உங்க அண்ணன் சொன்னா நீங்க மறுகேள்வி கேட்டதே இல்ல."

வெளியே டிரான்ஸ்ஃபார்மர் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

"பங்குனியிலயும் அதுதான் பேசுச்சா?"

"அவர் விழுந்ததும் பிரேக்கர் தானா ட்ரிப் ஆகித் தானா திரும்ப வந்துருச்சு," என்றான் நிவேதன், பிரேக்கர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு. "ஒரு நிமிஷத்துக்குள்ள திரும்ப வந்துட்டா அது மின்தடைன்னே கணக்குல ஏறாது. கங்காணிக்கு ஆளைத் தெரியாது, பேச்சிக்கனி. நிமிஷம்தான் தெரியும். அதோட கணக்குல அன்னிக்கு நல்ல நாள்."

அவள் சோற்று டப்பாவை எடுத்து அவன் மேல் வீசினாள். குழம்பு அவன் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. அதற்காக அவனை மன்னிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"நிறுத்துங்க அத."

"நாளைக்குக் கையெழுத்து முடியற வரைக்கும் எதையும் தொடக்கூடாது. ஒரு வரி மாத்தினாலும் விலையை மறுபடி மொதல்லேர்ந்து பேசணும்."

"முடிஞ்ச பொறவு?"

"முடிஞ்சப்பறம் அது எங்களோடது இல்ல."

"அப்பம் கம்பியோட சேத்து எங்கண்ணனையும் விக்கிறீங்க."

"ஆள் குறைஞ்ச நெட்வொர்க்குக்குத்தான் இந்த விலை. குரல் இல்லன்னா புகார் கேக்கக்கூட ஆள் வேணும்."

கார்க் கதவைத் திறந்தவன் உள்ளே உட்காராமல் நின்றான். "வாரிசு கேட்டா குரலை அழிச்சே ஆகணும். சட்டத்துல இருக்கு. புகார் நம்பருக்குப் பேசிச் சொன்னாப் போதும், அதுவே அழிச்சுரும். ஆனா வாரிசு நீங்க இல்ல, அவர் மனைவி." பிறகு மெதுவாக, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க," என்றான்.

*

பொழுது சாய்ந்திருந்தது. கீழத்தெரு முழுக்க விளக்கு எரிய, கொம்பையாவின் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அவன் மனைவி பொன்னுத்தாய் மீட்டர் பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபியூஸ் கம்பி கட்டிய பீங்கான் பீஸ் கட்டை.

"கரண்ட் இல்லையா மைனி?"

"இருக்கு. நாந்தான் பீஸப் புடுங்கி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"அவரு போன்ல பேசுதாருன்னு உங்கிட்ட அன்னைக்கே சொன்னேன். நீ, கோட்டி புடிச்சிருக்கு, டாக்டர்ட்ட போவோம்ன." அவள் போனை எடுத்துப் புகார் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். "இப்பம் கேளு."

"கொம்பையா பேசுதேன். சொல்லு தாயி, எங்க கரண்ட் இல்ல?"

"கீழத்தெரு," என்றாள் பொன்னுத்தாய். குரலில் ஒரு குழைவு, ஒரு பொய்க்கோபம். "உங்க வீடுதான்."

"செத்தப் பொறு பொன்னு. வந்துருதேன்."

போன் அணைந்தது. பொன்னுத்தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். "கட்டிக்கிட்ட நாள்ல இருந்து இதத்தான் சொன்னாரு. வந்துருதேன், வந்துருதேன். சோத்துக்கு வந்ததுண்டா, தேருக்கு வந்ததுண்டா? இப்பமும் அதேதான். பெருசா ஒண்ணும் மாறல."

பேச்சிக்கனி தரையில் உட்கார்ந்தாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. பட்டென்று சொன்னாள். அந்தக் குரல் கொம்பையா இல்லை. அந்தக் குரல்தான் கொம்பையாவைக் கொன்றது. இன்று சங்கிலியைக் கொன்றிருக்கும். பிளேயரை எடுக்க அண்ணன் மறுபடி ஏறியது எல்லாம் கதை.

"பிளேயரா?" பொன்னுத்தாய் பக்கத்தில் கிடந்ததை எடுத்துக் காட்டினாள். நுனி கருகிய கட்டிங் பிளேயர். பிடி உறை உருகி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. "இத வச்சுத்தான நெதமும் பீஸப் புடுங்குதேன். இடுப்பு பெல்ட்டுல கயிறு போட்டுக் கட்டியிருந்தபடியே ஆஸ்பத்திரியில குடுத்தாவ. மேல மறந்து வச்சாருன்னு எவன் சொன்னான்? என்னட்ட கேட்டா சொல்லியிருப்பேன். எவன் கேட்டான்?"

பேச்சிக்கனியும் கேட்கவில்லை. விசாரணை நடந்த அறையில் பொன்னுத்தாய்க்கு நாற்காலிகூடப் போடவில்லை.

"மைனி... அன்னைக்கு கரண்ட் விட்டது நான்தான்."

"தெரியும். நீதான டூட்டி. கரண்ட் தானா வருமா?" பொன்னுத்தாய் பிளேயரைக் கீழே வைத்தாள். "ஊருக்கே தெரியும். நான் ஒன்னய ஏதாச்சும் கேட்டனா?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீயும் இங்க வரமாட்ட. எனக்கும் பயலுக்கும் இருக்கது நீ ஒருத்திதான்."

பேச்சிக்கனி அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "அத அழிக்கச் சொல்லணும் மைனி. நீ சொன்னாத்தான் அழியும்," என்றாள்.

"மாட்டேன்."

"நாளைக்குச் சங்கிலி பொண்டாட்டியும் இப்படித்தான் பீஸப் புடுங்கி வச்சுக்கிட்டு உக்காருவா."

"ஏட்டி, உங்க கம்பெனி செஞ்சதுக்கு எங்கிட்டயிருந்தே புடுங்குதியே. இது ஒண்ணுதான எனக்குக் கெடக்கு." அவள் எழுந்தாள். கோபத்தோடு பீஸ் கட்டையைப் பலகையில் செருகினாள். விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. "போ. போயி ஒம் வேலையப் பாரு."

விளக்கு அணைந்தது.

பீஸ் கட்டை பலகையில்தான் இருந்தது. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. மின்விசிறி ஓய்ந்து நிற்கிற கடைசிச் சுற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

தரையில் கிடந்த போன் அடித்தது. யாரும் தொடவில்லை. தானாகவே ஸ்பீக்கரில் பேசியது.

"என்ன பொன்னு, கரண்ட் போயிருச்சா? செத்தப் பொறு. வந்துருதேன்."

விளக்கு எரிந்தது.

பேச்சிக்கனிக்குப் புரிந்தது. புகார் வந்து நொடியில் தீர்ந்தால் கங்காணிக்கு நல்ல பெயர். குரலைக் கேட்டதும் பொன்னுத்தாய் பீஸைச் செருகிவிடுவதால், இந்த வீட்டுப் புகார் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் தீர்கிறது. அதனால் இந்த வீட்டுக்கு இன்னும் நிறையப் புகார் வேண்டும். மீட்டர் வழியாக அதுவே அணைக்கும், அதுவே கூப்பிடும், அதுவே எரியவைக்கும். இதைச் சொல்ல வாயெடுத்தவள் பொன்னுத்தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பொன்னுத்தாய் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பேச்சி," என்றாள் மெதுவாக. "உங்கண்ணன் ஒரு நாளும் அவராப் போன் பண்ணினதில்ல. ஒரு நாளும்."

விளக்கு மறுபடி அணைந்தது. போன் மறுபடி அடித்தது.

"என்ன பொன்னு..."

"கொம்பையா பொண்டாட்டி பொன்னுத்தாய் பேசுதேன்." அவள் போனைக் கையில் எடுக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, கம்பத்தின் மேலிருக்கும் ஆளைக் கூப்பிடுவதுபோலக் கத்திச் சொன்னாள். "எம் புருசன் குரலத் திருப்பிக் கேக்கேன். குடுத்துரு."

அந்தப் பக்கம் காற்று வீசியது. காகம் கத்தியது.

"கொம்பையா பொண்டாட்டி பொன்னுத்தாய்," என்று வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னது கொம்பையாவின் குரல். "கொம்பையா குரலைத் திருப்பிக் கொடுக்கேன்."

சற்று இடைவெளி.

"ஆள் இறங்கியாச்சு."

விளக்கு எரிந்தது. பொன்னுத்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் தாலியறுத்தவள்போல அழுதாள்.

*

காலையில் வேலைக்குப் பிரியுமுன் பேச்சிக்கனி லைன்மேன்கள் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். இனிமேல் யாரும் போனில் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. இறங்கினவன் நேரில் வந்து, அவள் முன்னால் நின்று கொடுக்க வேண்டும். போனில் சாமியே வந்து சொன்னாலும் விட மாட்டாள்.

"பெட்ரோல் யாரு போடுவா மேடம்? வெளிநாட்டு வாத்தியார்மாரா?" என்றான் சங்கிலி. எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் தலையாட்டினார்கள். ஊரணிக் கம்பத்தைப் பற்றி அவன் மற்றவர்களிடம் சொல்லியிருந்தான்.

வெயில் ஏறியபோது கம்பெனி வண்டி வந்து ஆளுக்கொரு பொட்டலம் அல்வா வைத்துவிட்டுப் போனது. கையெழுத்து முடிந்ததாம். பேச்சிக்கனி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. நெய் ஊறிக் காகிதத்தில் ஒரு வட்டம் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. ஒரு குரலையாவது பிடுங்கிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

அப்புறம்தான் போன் அடிக்கவே இல்லை என்பது உறைத்தது.

காலையிலிருந்து யாரும் லைன் கிளியர் கேட்கவில்லை. கண்மாய் ஃபீடரில் கம்பத்தில் உடைந்த இன்சுலேட்டர் பீங்கானை மாற்றச் சங்கிலி போய் வெகுநேரம் ஆகிறது. கண்மாய் ஃபீடர் மீட்டரில் முள் நிமிர்ந்து நின்றது. கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

தன் கைபேசியில் அவனைக் கூப்பிட்டாள். நேற்றைக்குப் பிறகு அவன் போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்; நெடுநேரம் அடித்து எடுத்தான். மூச்சு வாங்கியது.

"சங்கிலி, எங்க இருக்க? எல்.சி. கேக்கவே இல்ல?"

"என்ன மேடம் வெளையாடுதீய? இப்பந்தான குடுத்தீய."

"எப்பம்?"

"இப்பந்தான். கண்மாய் ஃபீடர், சங்கிலி, லைன் கிளியர் கொடுத்தாச்சு, பாத்து ஏறுன்னீய. சாப்பிட்டியான்னுகூடக் கேட்டீய. நெதமும் கேப்பீயளே, அதே மாதிரி."

நிதமும் கேட்பாள்தான். ஏறப் போகிற எவனையும் அதைக் கேட்காமல் அவள் அனுப்பியதில்லை.

திருப்பிக் கொடுக்கிற வாயை மட்டும்தான் அவள் காவல் காத்தாள். கொடுக்கிற வாயைப் பற்றி யோசிக்கவே இல்லை. கங்காணிக்கு ஒரு குரல் போய்விட்டது. அது இன்னொன்றைத் தேடி, நிலையத்துக்கு வந்த போனை இடையிலேயே எடுத்திருக்கிறது. எந்தக் குரல் சொன்னால் இந்த ஊர் லைன்மேன்கள் மறுகேள்வி கேட்காமல் ஏறுவார்கள்? ஃபீடரை நிறுத்தினால் மணிக்கணக்கில் மின்தடை. நிறுத்தாமல் ஆளை ஏற்றினால், அவன் கருகி விழுந்தாலும் மின்தடை ஒரு நிமிடம்கூட ஆகாது. பங்குனியில் பார்த்து வைத்த கணக்கு.

"சங்கிலி, அது நான் இல்ல. ஏறாத. எங்க நிக்கியோ அங்கயே நில்லு. மேல தொட்டுறாத."

காற்று வீசும் சத்தம். ஒரு காகம்.

"மேடம், இன்னொரு போன் வருது. உங்க நம்பர்தான்."

"எடுக்காத!"

"எடுத்தா அவிய ஏறும்பாவ. நீங்க ஏறாதங்கீய." பாதிக் கம்பத்தில் நின்று கத்தினான். "ரெண்டும் ஒரே குரலு. இதுல எது மேடம் நீங்க?"

இணைப்பு அறுந்தது.

அவள் யோசிக்கவில்லை. கண்மாய் ஃபீடரின் பிடியைத் திருகினாள். தட் என்று விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. யார் யார் எந்தெந்தக் கம்பத்தில் எந்தப் பேச்சிக்கனியின் பேச்சைக் கேட்டு நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? வரிசையாக எல்லாவற்றையும் விழ வைத்தாள். ஒவ்வொரு பிரேக்கரையும் பெட்டியிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாள். உள்ளங்கை கிழிந்தது. சாத்தன்குறிச்சியும் சுற்றுப்பட்டியும் மின்சாரமற்றுப் போயின. கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள், பனி பெய்கிற நாட்டுத் திரையில் ஒரு வட்டாரம் முழுவதும் சிவப்பாகியிருக்கும். ஆகட்டும்.

அறைக்குள் விசிறி நின்றது. கம்பிப் பிடியை மடியில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேசைப் போன் அடித்தது. எடுக்கவில்லை. கைபேசி அடித்தது. நிவேதன். எடுக்கவில்லை. தெரியாத எண்கள். அவள் எண்ணிலிருந்தே அவளுக்கு ஒரு அழைப்பு. எடுக்கவில்லை. சங்கிலிக்கு மறுபடி பேசவும் துணிச்சல் இல்லை. யார் எடுப்பார்கள், எந்தக் குரலில்?

முற்றத்தில் பரப்பியிருந்த ஜல்லியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆள் நடந்தால் அது நொறுங்கும். வேறு எதற்கும் நொறுங்காது. வெயில் வாசற்படியிலிருந்து நகர்ந்து மேசைக்காலைத் தொட்டது. அல்வாப் பொட்டலத்தில் எறும்பு ஏறியது.

ஜல்லி நொறுங்கியது.

மெதுவாக, இரண்டு கால். இழுத்து இழுத்து நடக்கிற நடை. வாசலில் நிழல் விழுந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கிலி நின்றான். முகம் சாம்பல் பூத்திருந்தது. இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் பிளேயர். உதிர்ந்த சுண்ணாம்புபோலக் கம்பத்துத் தூசி முழங்கால்வரை ஒட்டியிருந்தது. அவள் அவன் காலைப் பார்த்தாள். தரையில் ஊன்றியிருந்தது.

அவன் வாயைத் திறக்கப் போனான்.

"பேசாத," என்றாள். "உள்ள வா."

அவன் வந்தான். கைகளை நீட்டினான். அவள் கிழிந்த கையால் அவற்றைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக, பிசுபிசுவென்று, உயிரோடு இருந்தன.

அப்போதுதான், இத்தனை நேரமும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த மேசைப் போன் பட்டென்று நின்றது. ரிசீவர் வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

"சாத்தன்குறிச்சி எஸ்.எஸ்., பேச்சிக்கனி," என்றது போன்.

யாரோ ஒரு லைன்மேன், எந்த ஊர்க்காரனோ, அவள் நிலையத்தில் இல்லாத ஒரு ஃபீடரின் பெயரைச் சொல்லி லைன் கிளியர் கேட்டான்.

"கொடுத்தாச்சு," என்றது அவள் குரல், அன்பாக. "பாத்து ஏறு. சாப்பிட்டியா?"